எவ்வளவு இறக்கலாம்

கோயம்புத்தூரில், சத்தி ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஒரு தகரக் கூரைப் பட்டறையில் வசந்தாமணி கார்களுக்கு ஸ்பிரிங் வேலை பார்த்துவந்தார். வயது நாற்பத்தொன்று. ஐடிஐ படித்தவர். பதினாறு வருடம் பந்தயக் கார் அணிகளோடு ஊர் ஊராகப் போனவர், போதும் என்று தோன்றியபோது இங்கே வந்து ஷட்டரைத் திறந்தார். பெயர்ப்பலகை வைக்கவில்லை. வேகமான கார் வைத்திருந்தவர்களுக்கு வழி தெரிந்திருந்தது.

அவருடைய சீடர் சந்திரபோஸ். வயது ஐம்பத்துமூன்று. பாலிடெக்னிக்கில் இருபத்தேழு வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர்.

அவர் முதலில் வந்தது வாடிக்கையாளராக. தன் காரில் பின்பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். வசந்தாமணி டிக்கியின் மேல் உட்கார்ந்தார். எழுந்தார்.

"வலது பக்கம் ரப்பர் புஷ் போயிருச்சுங்க."

"எப்படித் தெரிஞ்சுது?"

"உக்காந்தேனுங்களே."

சந்திரபோஸ் அந்தப் பாகத்தைக் கரும்பலகையில் நூறு தடவையாவது வரைந்திருப்பார். வீட்டுக்குப் போன பிறகும் அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. எட்டு மாதம் யோசித்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"நான் இங்கே கத்துக்கணும் மேடம்."

"உங்களுக்கு நான் என்ன சார் சொல்லித் தர்றது?"

"ஸ்பிரிங்கை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு."

"கணக்கு என்னைவிட உங்களுக்கு நல்லா வருமே."

"வரும். போட்டது சரியா தப்பான்னு கணக்கு சொல்லும். எதைப் போடணும்னு சொல்லாது."

வசந்தாமணி அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார்.

"பழைய சட்டை ஒண்ணு போட்டுட்டு வாங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். குரு சீடரை 'சார்' என்றும், சீடர் குருவை 'மேடம்' என்றும் அழைத்தார்கள். பட்டறைக்கு வருபவர்கள் யார் முதலாளி என்று சில சமயம் குழம்பினார்கள். இருவரும் அதைத் திருத்தப் போகவில்லை.

முதல் மாதத்தில் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். கையில், காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகளைப் பற்றி மூன்று கம்பெனிகளின் விவரங்கள். ஒன்று காரை இருபது எம்எம் இறக்கும், ஒன்று முப்பத்தைந்து, ஒன்று ஐம்பது.

"இதுல எது பெஸ்ட்டுங்க?"

வசந்தாமணி காகிதங்களை வாங்கவில்லை.

"வீட்டுக்கு எந்த வழியாப் போவீங்க?"

அவர் சொன்னார். ஊத்துக்குளி ரோடு, ரயில்வே சுரங்கப்பாதை, பிறகு சாக்கடைக்காகத் தோண்டி ஒரு வருடமாக மூடாத தெரு.

"தினமுமா?"

"தினமும்தானுங்க."

"இருபது போடுங்க."

அவர் போன பிறகு சந்திரபோஸ் கேட்டார். "எப்படி முடிவு பண்ணினீங்க?"

"அவர்தானே சொன்னார்."

சந்திரபோஸ் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். குறைவாக இறக்குவதே நல்லது என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து வந்தவர்கள் சிலருக்கும் வசந்தாமணி இருபது என்றுதான் சொன்னார். ஒருவருக்கு ஸ்பிரிங்கே வேண்டாம், டயரை மாற்றுங்கள் என்றார். ஒருவருக்கு மட்டும் நாற்பது. அந்தக் கார் பந்தய மைதானத்தைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. சந்திரபோஸின் நோட்டு நிரம்பியது. ஒரு வருடம் கழிந்தபோது, வருபவர்களுக்கு அவரே பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். அநேகமாகச் சரியாகவும் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இன்பசேகரன் வந்தார். முப்பத்தொரு வயது. பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம். நீல நிறக் கார், இரண்டு லிட்டர் டர்போ என்ஜின். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியதைக் கைமாற்றி வாங்கியிருந்தார். மழை விட்டிருந்தது. கார் அப்போதுதான் துடைத்ததுபோல் பளபளத்தது.

வசந்தாமணி பக்கத்தில் வேறொரு காரின் அடியில் வேலையாக இருந்தார். சந்திரபோஸ்தான் எழுந்து போனார்.

"காரை இறக்கோணுங்க சார்."

"எவ்வளவு?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஐம்பது எம்எம் வருதுன்னாங்க."

சந்திரபோஸ் டேப்பை எடுத்தார். நான்கு சக்கரத்துக்கும் மேல் இடைவெளியை அளந்தார். ஒரு காகிதத்தில் எழுதினார். காரின் எடை என்ன, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம்.

"ஐம்பது இறக்கினா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லுங்க."

"ஷாக் அப்சார்பர் மேலேயும் கீழேயும் போய்வர இவ்வளவு இடம்தான் இருக்கு. நிக்கும்போதே அதுல பாதியை நீங்க சாப்பிட்டுடறீங்க. ஒரு பள்ளம் வந்தா மிச்சமும் தீர்ந்துபோய், அடியில இருக்கிற ரப்பர்ல போய் இடிக்கும். அப்புறம் அங்கே ஸ்பிரிங்னு ஒண்ணு கிடையாது. கல்லு மேல உக்காந்த மாதிரி."

"இல்லீங்க சார், எனக்கு வளைவுல—"

"வளைவுல இன்னும் மோசம். இடிச்ச சக்கரம் ரோட்டைப் பிடிக்காது."

சந்திரபோஸ் டேப்பைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

"ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். டயர் ஒரு பக்கமாத் தேயும். ஃபோட்டோ எடுக்க நல்லாயிருக்கும், அவ்வளவுதான். நீங்க காரை ஓட்ட வாங்கினீங்களா, நிறுத்தி வெச்சுப் பாக்க வாங்கினீங்களா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பலமுறை சொன்ன வாக்கியம்போல் அது சுலபமாக வந்தது.

இன்பசேகரன் காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேற ஏதும் பண்ண முடியாதுங்களா?"

"கம்பெனி குடுத்த ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங். அப்படியே விடுங்க."

"சரிங்க சார்."

அவர் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார்.

வசந்தாமணி வெளியே வந்து கை துடைத்தார்.

"நான் சொன்னதுல தப்பு ஏதாவது இருக்கா மேடம்?"

"தப்பு ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார் அவர்.

பதினோரு நாள் கழிந்தது.

டயர் கொண்டுவரும் வண்டிக்காரர் ஒருவர் சரக்கை இறக்கிக்கொண்டே செய்தியைச் சொன்னார். ஆனைகட்டி ரோட்டில், மாங்கரை தாண்டி ஒரு நீலக் கார் பாலத்துச் சுவரில் மோதிக் கிடக்கிறது. ஓட்டியவருக்குக் கால் போய்விட்டதாம். ஸ்பிரிங்கை அறுத்துப் போட்டிருந்தாராம். பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதன் இடத்திலேயே இல்லையாம், ரோட்டோரம் தனியாகக் கிடந்ததாம்.

லோயரிங் ஸ்பிரிங் வாங்காமல், இருக்கிற ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்தெடுத்துவிட்டுத் திரும்ப மாட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அரை நாள் வேலை. கார் இறங்கிவிடும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங்குக்குப் பிடிமானம் இருக்காது. தட்டிலிருந்து நழுவும்.

அது யாருடைய கார் என்று சந்திரபோஸுக்குப் புரிந்தது.

"நான் சொன்னேன் மேடம்" என்றார்.

வசந்தாமணி டயர்களை எண்ணி முடித்தார். வண்டிக்காரர் போனார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இறக்காதீங்கன்னு."

"எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டீங்களா சார்?"

சந்திரபோஸ் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் மதியம் விசாரித்துக்கொண்டு போனார். கால் போகவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். இன்பசேகரன் விழித்துத்தான் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பிரமிளா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான்கு மாதக் கர்ப்பம், பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க சார்" என்றார் இன்பசேகரன். அவர் முகத்தில் கோபம் இல்லை. மாட்டிக்கொண்ட மாணவனின் முகமாக இருந்தது. "நீங்க சொன்னீங்க. நான் கேக்கலை."

இதைக் கேட்கத்தான் வந்தோமோ என்று சந்திரபோஸுக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்ட பிறகு அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்கு இறக்கணும்னு நினைச்சீங்க?" என்றார்.

இன்பசேகரன் மனைவியைப் பார்த்தார்.

"நான்தாங்க காரணம்" என்றார் பிரமிளா.

"அவ காரணமில்லீங்க. எங்க மாமியார் வீடு ஆனைகட்டியில. மாசத்துல ரெண்டு தடவை போவோம். மாங்கரை தாண்டி ஒரு இரட்டை வளைவு வரும். முதல்ல வலது, உடனே இடது. போன மாசம் போகும்போது, அந்த இரண்டாவது வளைவுல வண்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு. பின்னாடி யாரோ தூக்கிப் போட்ட மாதிரி. வேகம்கூட இல்லீங்க, நாப்பதுதான். இவ கத்திட்டா. வயித்தைப் புடிச்சுக்கிட்டா."

"ஒண்ணும் ஆகலை" என்றார் பிரமிளா.

"ஒண்ணும் ஆகலை. ஆனா அதுக்கப்புறம் எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அந்த வளைவு வந்தாலே. மார்க்கெட்ல ஒருத்தர்கிட்ட வண்டி ஆடுதுன்னு மட்டும் சொன்னேன். கார் உயரமா இருக்கறதாலதான் ஆடுது, இறக்கினா ரோட்டோட ஒட்டிக்கும்னார். பந்தயக் கார் எல்லாம் அப்படித்தானே இருக்குன்னு நானும் நினைச்சேன்."

இன்பசேகரன் தலையணையில் சற்று நிமிர்ந்தார்.

"உங்ககிட்டயும் சொல்ல வந்தேனுங்க. அப்புறம் விட்டுட்டேன். இவ்வளவு பெரிய இன்ஜின் வாங்கிட்டு, வளைவுல பயமா இருக்குன்னு எப்படிங்க சொல்றது."

"நீங்க விபத்தன்னைக்கு எங்கே போனீங்க?"

"அந்த வளைவுக்குத்தான். ஸ்பிரிங் அறுத்துக் குடுத்த அன்னைக்கே. இவளை ஏத்தறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை தனியா ஓட்டிப் பாத்துடலாம்னு போனேன்."

நர்ஸ் வந்து சலைன் பாட்டிலை மாற்றினார். பிரமிளா எழுந்து, சந்திரபோஸுக்கு ஸ்டூலைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் சந்திரபோஸ் பட்டறைக்கு வரவில்லை. வசந்தாமணியும் கூப்பிடவில்லை. வீட்டில் அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். நூற்று நாற்பது பக்கம். கார்களின் பெயர், ஸ்பிரிங்கின் அளவு, இறக்கிய உயரம். எல்லாம் கட்டம் போட்டு ஒழுங்காக இருந்தன. யார் எதற்காக வந்தார் என்று ஒரு பக்கத்திலும் இல்லை.

ஐந்தாம் நாள் போன் வந்தது.

"சார், அந்த நீலக் காரை இங்கே இழுத்துட்டு வரச் சொன்னேன். வந்துருக்குது. நீங்கதான் பிரிக்கோணும்."

"நான் எதுக்கு மேடம்?"

"வாங்க சார்."

அவர் போனார். காரின் வலது முன்பக்கம் உள்ளே மடிந்திருந்தது. பின்பக்கம் அதிகம் சேதமில்லை. இருவரும் அதை லிஃப்டில் ஏற்றினார்கள். சந்திரபோஸ் பின் சக்கரங்களைக் கழற்றினார். அறுபட்ட ஸ்பிரிங் ஒன்று இருந்தது. அதன் முனை கருகியிருந்தது. மற்றொன்றை யாரோ பொறுக்கி டிக்கியில் போட்டிருந்தார்கள்.

"ஷாக்கைக் கழட்டுங்க" என்றார் வசந்தாமணி.

பின்பக்கத்து இரண்டையும் கழற்றி அவர் மேசைமேல் வைத்தார்.

"வலது பக்கத்தோடதை அழுத்திப் பாருங்க."

சந்திரபோஸ் அதை நிமிர்த்தி வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். தண்டு முரண்டு பிடித்து மெதுவாக உள்ளே போனது. கையை எடுத்ததும் அதே நிதானத்தில் மேலே வந்தது.

"இடது."

அழுத்தினார். எதுவும் தடுக்கவில்லை. தண்டு சட்டென்று அடிவரை போய் நின்றது. கையை எடுத்தார். அது வரவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். உருளையின் மேல் எண்ணெய் வழிந்து, அதன்மேல் தூசி படிந்து, கறுத்துக் கெட்டியாகிப் போயிருந்தது. ஒரு மாதத்தில் சேர்ந்த அழுக்கு அல்ல. குறைந்தது ஒரு வருடம்.

வளைவு அவர் கண்முன் வந்தது. வலது பக்கம் திரும்பும்போது எடை இடது பின்சக்கரத்தில் விழுகிறது. அதைத் தாங்க ஸ்பிரிங் மட்டும்தான், நிதானப்படுத்த எதுவும் இல்லை. உடனே இடது பக்கம் திருப்பினால், அமுங்கிய ஸ்பிரிங் அப்படியே தூக்கியடிக்கிறது. யாரோ தூக்கிப் போட்டதுபோல்.

"அன்னைக்கு இது இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

"ஆமாங்க."

"டேப்பை எடுத்து உயரத்தை அளந்தேன். இதுல இருந்து ஒரு சாண் தூரத்துல என் கை இருந்தது."

சந்திரபோஸ் உள்ளேயே நின்ற தண்டைக் கையால் மேலே இழுத்துவிட்டார்.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அரை கிலோமீட்டர் போதும்."

"ஸ்பிரிங்கைப் பத்திப் பேசவே வேண்டியிருந்திருக்காது. ஷாக்கை மாத்திட்டு அனுப்பியிருக்கலாம்."

"ஆமாங்க சார்."

அவர் ஆறுதல் சொல்வார் என்று சந்திரபோஸ் எதிர்பார்த்தாரோ என்னவோ. அவர் சொல்லவில்லை. செயலிழந்துபோன அந்த ஷாக் அப்சார்பர் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது.

"நான் நின்னுக்கறேன் மேடம். இது எனக்குச் சரிப்படாது."

"நின்னுக்குங்க. இந்த வண்டிக்கு என்ன ஸ்பிரிங் போடறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சந்திரபோஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"அவர் வரட்டும்" என்றார்.

இன்பசேகரன் வர மூன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் காரின் முன்பக்கத்தை வேறொரு இடத்தில் சரிசெய்து, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். புதிய ஷாக் அப்சார்பர்கள் நான்கும், கம்பெனியின் பழைய அளவு ஸ்பிரிங்குகளும் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். இன்பசேகரன் ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்கு முந்தைய வாரம்தான் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சந்திரபோஸ் சாவியை எடுத்துக்கொண்டார். "முதல்ல நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

தடாகம் வழியாகப் போனார்கள். செங்கல் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தார்கள். பிறகு மலை கண்ணில் படத் தொடங்கியது. சந்திரபோஸ் கேள்விகள் கேட்டார். மாமியார் வீட்டுக்குப் போகும்போது வண்டியில் எத்தனை பேர் இருப்பார்கள், டிக்கியில் என்ன இருக்கும், திரும்பும்போது பலாப்பழம் ஏற்றுவார்களா. இன்பசேகரன் சொல்லிக்கொண்டு வந்தார். சந்திரபோஸ் நோட்டு எதுவும் கொண்டுவரவில்லை.

மாங்கரை சோதனைச்சாவடி தாண்டியதும் வண்டியை ஓரம்கட்டி இறங்கினார்.

"இப்ப நீங்க."

இன்பசேகரன் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். காரை எடுத்தார். இரண்டு கிலோமீட்டர் நன்றாகத்தான் போனார். பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னால் பிரேக் அழுத்தி நிறுத்திவிட்டார். சுவரில் மோதிய இடத்தில் புதுச் சிமெண்டு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"ஒரு நிமிஷங்க சார்."

"சரி."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு சாலையைக் கடந்தார். சந்திரபோஸுக்குச் சொல்ல விஷயங்கள் இருந்தன. புது ஷாக் என்ன செய்யும், அந்த ஆட்டம் இனி ஏன் வராது, எல்லாம் அவரிடம் இருந்தன. அவர் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"போலாங்களா?" என்றார் இன்பசேகரன்.

"உங்க இஷ்டம்."

கார் நகர்ந்தது. வலது வளைவு. உடனே இடது. பின்பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, அத்தோடு நின்றது. பாலம் பின்னால் போயிற்று.

இன்பசேகரன் இன்னும் சற்று தூரம் போய், திருப்ப இடம் கிடைத்ததும் திருப்பினார். மறுபடி அந்த வளைவுக்கு வந்தார். இந்த முறை நிறுத்தவில்லை. மூன்றாம் முறையும் போய்வந்தார். நான்காம் முறை தன்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார்.

"ஆடலீங்க சார்" என்றார் கடைசியில்.

"ஆடலை."

திரும்பி வரும் வழியில் ஒரு பேக்கரியில் டீ குடித்தார்கள். இன்பசேகரன் நிழலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"கொஞ்சமா இறக்கலாங்களா?"

சந்திரபோஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"எதுக்கும் இல்லீங்க. பாக்க நல்லாயிருக்கும்."

சந்திரபோஸ் சிரித்துவிட்டார். ஒரு வருடத்துக்கும் மேலாகப் பட்டறைக்கு வந்தவர்களில், இதை இப்படி வெளிப்படையாக யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"பிரமிளாவுக்கு இப்ப எத்தனை மாசம்?"

"எட்டுங்க."

"குழந்தை பொறந்து மூணு மாசம் போகட்டும். அப்புறம் வாங்க. இருபது போடுவோம். நாலு பேரும் பலாப்பழமும் ஏறினாலும் அடி தட்டாது."

"நாப்பது வேண்டாங்களா?"

"உங்களுக்கு நாப்பது வேணுமா?"

இன்பசேகரன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இருபது போதுங்க."

பட்டறையில் சந்திரபோஸை இறக்கிவிட்டு, ஊன்றுகோலைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு, அவரே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சந்திரபோஸ் வாசல்வரை போய் நின்று பார்த்தார். கார் முனையில் திரும்பி மறைந்தது.

உள்ளே வசந்தாமணி ஒரு ஸ்பிரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மதிய வெயிலில் தகரக் கூரை அவ்வப்போது சொடுக்கியது. சந்திரபோஸ் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். மூணு மாசமாக் கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க."

"அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. எல்லாம் கேட்டுச்சு உங்களுக்கு."

"கேட்டுச்சு."

"நான் ஓட்டிப் பாக்கலைன்னு தெரியும். அவரைப் பேச விடலைன்னு தெரியும். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டீங்களா?"

வசந்தாமணி துடைப்பதை நிறுத்தினார். ஸ்பிரிங்கை மேசைமேல் வைத்தார். அது உருளாமல் இருக்கக் கையை அதன்மேலேயே வைத்திருந்தார்.

"ஒருத்தர் காலை உடைச்சு இன்னொருத்தருக்குப் பாடம் எடுப்பாங்களா சார்?"

வசந்தாமணி துணியை மேசை ஓரத்தில் போட்டார்.

"நீங்க சொன்னது அத்தனையும் சரியா இருந்துச்சு. அவ்வளவு சரியா என்னால சொல்ல வராது. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு அதையேதான் கேட்டுட்டு இருந்தேன்" என்றார் வசந்தாமணி. "அவர் பேசுனது எனக்கும் காதுல விழலீங்க சார்."